காந்தத்துக்குப் பூண்டு ஆகாது

காந்தத்தின் வரலாறு ஒரு செருப்பில் தொடங்குகிறது. ஐடா மலையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த மாக்னஸ் என்ற இடையனின் செருப்பாணிகளும் கைத்தடிப் பூணும் ஒரு பாறையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன என்று ரோமாபுரி பிளினி எழுதிவைத்திருக்கிறார். இயற்கையில் கிடைக்கும் காந்தக் கல் குண்டூசியை இழுக்கும், சின்ன ஆணியை இழுக்கும். வளர்ந்த ஆளின் காலைப் பிடித்து நிறுத்துகிற தெம்பு அதற்குக் கிடையாது. பிளினி அதையெல்லாம் சரிபார்க்கவில்லை. கேள்விப்பட்டதை எழுதுவதுதான் அவர் பாணி. ஒரு தடவை மட்டும், கிட்டப் போய்ப் பார்த்துவிடுவோமே என்று கிளம்பினார். கி.பி. 79, வெசூவியஸ் எரிமலை. திரும்பி வரவில்லை.

மற்ற அறிஞர்கள் இதைப் பாடமாக எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. அடுத்த ஆயிரத்தைந்நூறு வருஷங்களுக்குக் காந்தத்தைப் பற்றி எழுதிய பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் காந்தத்தின் பக்கமே போகவில்லை.

பிளினிக்கு முந்தைய நிலைமையும் ஒன்றும் சிலாக்கியமில்லை. கி.மு. ஆறாம் நூற்றாண்டு தேலிஸ், கிரேக்கர்களின் முதல் தத்துவஞானி. இரும்பை நகர்த்துகிறது, ஆகவே காந்தத்துக்கு ஆன்மா இருக்கிறது என்று தீர்ப்பு எழுதினார். சொன்னவர் தேலிஸ், சொன்னதாகச் சொன்னவர் அரிஸ்டாட்டில். இவ்வளவு பெரிய இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பிறகு மேல்முறையீட்டுக்கு யார் போவார்கள்?

சீனர்கள் காரியவாதிகள். ஆன்மா இருக்கிறதோ இல்லையோ, இந்தக் கல் தெற்கே பார்க்கிறது, அது போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். எடுத்து என்ன செய்தார்கள் என்றால், முதலில் வாஸ்து பார்த்தார்கள். வீடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், தாத்தாவை எந்தத் திசையில் புதைத்தால் பேரனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைக்கும் என்பதுதான் அன்றைய அவசரம். கடலில் கப்பல் வழி தெரியாமல் அலைந்தது, அது அதன் விதி. 1088 வாக்கில் ஷென் குவா என்ற அதிகாரி, காந்த ஊசி நேர் தெற்கைக் காட்டுவதில்லை, கொஞ்சம் கிழக்கே ஒதுங்குகிறது என்று குறித்து வைத்தார். உற்றுப் பார்த்தவர் என்ற வகையில் அவருக்கு ஒரு கும்பிடு.

மேற்கே அதற்கு வெகுகாலம் முன்பே நம் கடலைப் பற்றி ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. தாலமி தம் புவியியல் நூலிலேயே ஏற்றிவிட்டார்: இலங்கைக்கு அப்பால் மணியோலை என்று பத்துத் தீவுகள் உண்டு, இரும்பாணி அடித்த கப்பல் போனால் அங்கேயே நின்றுவிடும், காரணம் காந்தக் கல். அதனால்தான் அந்தப் பக்கத்துக்காரர்கள் ஆணியே இல்லாமல் கப்பல் கட்டுகிறார்களாம். ஆணி இல்லாதது உண்மை. தேங்காய் நார்க் கயிற்றால் பலகைகளைத் தைப்பார்கள். சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன் துரைமார்களைக் கரை சேர்த்த மசூலா படகுகூட அப்படித்தான். தைத்த படகு அலையடித்தால் வளைந்து கொடுக்கும், ஆணியடித்தது பிளந்துகொள்ளும். இதை எந்தப் படகுக்காரரிடம் கேட்டாலும் சொல்லியிருப்பார். ஆனால் படகுக்காரரிடம் கேட்பதற்கு ஒரு மேதை எதற்கு?

இப்போது பூண்டுக்கு வருவோம். காந்தத்தின் மேல் பூண்டைத் தேய்த்தால் அதன் சக்தி போய்விடும் என்று புளூட்டார்க் எழுதினார். தாலமியும் எழுதினார். அவர்களைப் பார்த்து எழுதியவர்கள், எழுதியவர்களைப் பார்த்து எழுதியவர்கள் என்று இந்த உண்மை சுமார் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் செழிப்பாக வாழ்ந்தது. மாலுமி பூண்டு தின்றுவிட்டுத் திசைகாட்டிப் பக்கம் மூச்சு விட்டால் கப்பல் திசை தவறும் என்ற அளவுக்கு வளர்ந்தது. இத்தனைக்கும் இது மத்தியதரைக் கடல். பூண்டு இல்லாத அடுப்படியே அங்கு இல்லை. ஒரு பல் பூண்டை உரித்து, கல்லில் தேய்த்து, ஓர் ஆணியைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? நூற்றாண்டுகள் ஆகும் என்பதே வரலாறு தரும் விடை.

கடைசியில் உரித்தவர் நேப்பிள்ஸ்காரர் ஜியாம்பத்திஸ்தா தெல்லா போர்ட்டா. 1589-ல் வெளியிட்ட புத்தகத்தில், மாலுமிகளிடம் விசாரித்ததையும் சொல்கிறார். பூண்டையும் வெங்காயத்தையும் விடுவதற்கு உயிரை விடலாம் என்பதுதான் அவர்கள் கட்சி. அத்தோடு அவர் நிற்கவில்லை. பூண்டைத் தின்றுவிட்டுக் காந்தத்தின் மேல் மூச்சு விட்டார். ஏப்பமும் விட்டார். பூண்டுச் சாற்றில் முழுக்காட்டினார். காந்தம் அசரவில்லை. அறிவியல் வரலாற்றின் மிக முக்கியமான ஏப்பம் இது; இதற்கு ஒரு சிலை வைத்திருக்க வேண்டும். ஆனால் அதே புத்தகத்தில் அதே மனிதர், வைரத்தில் இரும்பைத் தேய்த்தால் இரும்பு காந்தமாகிவிடும் என்றும் எழுதியிருக்கிறார். பூண்டு விலை மலிவு, சோதித்தாயிற்று. வைரத்துக்கு எங்கே போவது?

வைரத்துக்குப் போன ஆள் லண்டனில் இருந்தார். வில்லியம் கில்பர்ட், பணக்காரர்களின் டாக்டர், பின்னாளில் எலிசபெத் ராணிக்கே வைத்தியர். சாட்சிகளை நிற்க வைத்துக்கொண்டு 75 வைரங்களில் இரும்பைத் தேய்த்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. இந்தச் சந்தோஷத்தை 1600-ல் ‘தெ மாக்னெத்தே’ என்ற நூலில் பதிவு செய்தார். நூலில் பாதி ஆராய்ச்சி, பாதி வசவு. முன்னோர்களில் ஒருவரையும் விடவில்லை.

அவர் வசவில் தப்பியிருக்க வேண்டிய ஒருவர் பெட்ரஸ் பெரெக்ரினஸ். 1269 ஆகஸ்டில், இத்தாலியில் லூச்சேரா என்ற ஊரை முற்றுகையிட்ட படையில் இருந்தபடி, போரைக் கவனிக்காமல் காந்தத்தைப் பற்றி ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதிய புண்ணியவான். காந்தத்துக்கு இரண்டு முனைகள், ஒத்த முனைகள் விலகும், வேற்று முனைகள் சேரும், நடுவில் உடைத்தால் ஒரு முனை தனியாகக் கிடைக்காது, இரண்டு முழுக் காந்தங்கள்தான் கிடைக்கும் என்று இன்றைய பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தை அப்போதே எழுதிவிட்டார். கூடவே, காந்த உருண்டை ஒன்றைச் சரியாகப் பொருத்தினால் வானத்தோடு சேர்ந்து தானாகச் சுற்றும், கடிகாரமே வேண்டாம் என்றும் ஒரு யோசனை. சுற்றாவிட்டால் தப்பு இயற்கையில் இல்லை, செய்த உன்னிடம்தான் என்று முன்ஜாமீனும் வாங்கிக்கொண்டார்.

கில்பர்ட்டும் உருண்டைதான் செய்தார். காந்தக் கல்லைக் கடைந்து ஒரு குட்டி பூமி செய்து, அதன் மேல் சின்ன ஊசிகளை நகர்த்திப் பார்த்தார். உருண்டையின் நடுக்கோட்டில் ஊசி படுத்துக்கொண்டது. முனையை நோக்கிப் போகப் போகச் சாய்ந்து, முனையில் செங்குத்தாக நின்றது. கப்பல்களில் ஊசி சாய்கிற சாய்வும் இதே ரகம். அப்படியானால் ஊசியை இழுப்பது துருவ நட்சத்திரமும் இல்லை, வட துருவத்தில் வரைபடக்காரர்கள் வரைந்து வைத்த காந்த மலையும் இல்லை. பூமியே ஒரு காந்தம். ஊசி படுத்துக்கொள்ளும் அந்தக் காந்த நடுக்கோடு நம் தெற்கத்திச் சீமையை ஒட்டித்தான் போகிறது. அதற்காகத்தான் 1963-ல் தும்பாவில் ஒரு மாதா கோயிலை வாங்கி ராக்கெட் விட்டார்கள்.

இவ்வளவு சரியாகச் சொன்ன மனிதர் கடைசியில் பூமிக்கு ஆன்மா இருக்கிறது, அதனால்தான் சுற்றுகிறது என்று முடித்தார். ஊர் சுற்றித் தேலிஸ் வீட்டிலேயே வந்து இறங்கிவிட்டார். இன்னொரு காரியமும் செய்தார்: தேய்த்த அம்பர் துரும்பை இழுப்பது வேறு, காந்தம் இரும்பை இழுப்பது வேறு, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் விவாகரத்து வாங்கிக் கொடுத்தார். இருநூற்றிருபது ஆண்டுகள் அது செல்லுபடியானது.

இடையில் இயற்கை தன் பங்குக்குக் கத்திப் பார்த்தது. 1731-ல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு என்ற ஊரில் ஒரு வியாபாரி வீட்டில் இடி விழுந்தது. பெட்டி நிறையக் கத்தியும் முள்கரண்டியும் இருந்தன. சில உருகிப்போயின, மிச்சத்தை எடுத்தால் பக்கத்தில் கிடந்த ஆணிகள் கூடவே எழுந்து வந்தன. இடி பாய்ந்து இரும்பு காந்தமாகிவிட்டது. ராயல் சொசைட்டி இதை அச்சிட்டது. அற்புதம் என்று எல்லோரும் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

காந்தத்துக்கு அப்போது வேறு கிராக்கி வந்திருந்தது. பாரிஸில் ஃபிரான்ஸ் மெஸ்மர் என்ற டாக்டர், மனித உடம்பிலேயே காந்தம் ஓடுகிறது, தடைபட்டால் வியாதி, தள்ளிவிட்டால் சுகம் என்று கடை விரித்தார். தண்ணீரும் இரும்புத்தூளும் போட்ட மரத்தொட்டி, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள், சுற்றி உட்கார்ந்து கம்பியைப் பிடித்தபடி வலிப்பு வந்து விழும் சீமாட்டிகள், பின்னணியில் கண்ணாடிக் கிண்ண வாத்தியத்தின் இசை. 1784-ல் ராஜா ஒரு விசாரணைக் கமிஷன் போட்டார். தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். அந்த வாத்தியத்தைக் கண்டுபிடித்ததே அவர்தான். அவர் தோட்டத்திலேயே சோதனை. மெஸ்மரின் சீடர் ஒரு மரத்துக்குக் காந்தம் ஏற்றினார். ஒரு பையனின் கண்ணைக் கட்டி மரம் மரமாக அழைத்துப் போனார்கள். நான்காவது மரத்தடியில் பையன் மயங்கி விழுந்தான். காந்தம் ஏற்றியது வேறு மரத்துக்கு. கமிஷனில் இருந்த இன்னும் இருவர் வேதியியலாளர் லவாசியே, டாக்டர் கில்லட்டின். பத்து வருஷத்தில் இரண்டாமவர் பெயர் கொண்ட இயந்திரத்தில் முதலாமவர் தலை போனது. அதற்கும் காந்தத்துக்கும் சம்பந்தமில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1800-ல் வோல்ட்டா இரண்டு உலோகத் தட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கி, நடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டையைச் செருகி, பாட்டரி செய்தார். நிற்காமல் ஓடும் மின்சாரம் முதல் தடவையாக மனிதன் கையில். இனி மின்சாரக் கம்பியைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது மட்டுமே பாக்கி. வைத்தார்கள். ஊசிக்குக் குறுக்கே கம்பியை வைத்தார்கள். விசை என்றால் கம்பியிலிருந்து நேராக வர வேண்டும், ஊசி கம்பியின் திசைக்குத் திரும்ப வேண்டும் என்பது எண்ணம். பூமி நேராக இழுக்கிறது, காந்தம் நேராக இழுக்கிறது, கயிறு நேராக இழுக்கிறது; கம்பி மட்டும் எப்படி இழுக்குமாம்? ஊசி அசையவில்லை. இருபது வருஷம் போயிற்று.

1820 வசந்த காலம், கோபன்ஹேகன். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். கம்பியை இந்த முறை ஊசிக்கு இணையாக வைத்து மின்சாரம் விட்டார். ஊசி மெல்ல ஒதுங்கியது. கம்பியை நோக்கியும் இல்லை, கம்பியிலிருந்து விலகியும் இல்லை, பக்கவாட்டில். மின்சாரத்தைத் திருப்பி விட்டால் ஊசி எதிர்ப்பக்கம். கம்பிக்கு மேலே வைத்தால் ஒரு பக்கம், கீழே வைத்தால் மறுபக்கம். காந்த விசை கம்பியிலிருந்து நேராகப் புறப்படவே இல்லை. கம்பியைச் சுற்றி வட்டமடிக்கிறது. எதேச்சையாகக் கண்டுபிடித்தார் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்று மனுஷன் பல வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். வகுப்பில் இருந்தவர்களுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அவரும் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு, பெரிய பாட்டரி கட்டி மறுபடி பார்த்து, ஜூலை 21-ல் நாலு பக்க லத்தீன் அறிக்கையை ஐரோப்பா முழுக்க அனுப்பினார்.

பாரிஸில் முதலில் நம்பவில்லை. ஜெர்மானியக் கனவு என்று நினைத்தார்கள். செப்டம்பர் 11-ல் அராகோ என்ற விஞ்ஞானி அகாதமியில் செய்து காட்டினார். அடுத்த வாரமே ஆந்திரே ஆம்பியர் தன் கண்டுபிடிப்போடு வந்து நின்றார். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. மறதிக்குப் பேர்போனவர் ஆம்பியர். தெருவில் நின்ற குதிரை வண்டியின் முதுகைக் கரும்பலகை என்று நினைத்துக் கணக்குப் போட, வண்டி கிளம்பிவிட, கணக்கைத் துரத்திக்கொண்டு ஓடினார் என்று ஒரு கதை உண்டு. அந்த மனிதர்தான் ஒரே மாதத்தில் சொன்னது: காந்தம் எதற்கு? மின்சாரக் கம்பிகள் இரண்டே போதும், ஒரே திசையில் ஓடினால் சேரும், எதிரெதிரே ஓடினால் விலகும்.

இதில் என்ன புதுசு, ஒவ்வொரு கம்பியும் காந்தத்தை இழுக்கிறதென்றால் ஒன்றையொன்று இழுக்காதா என்று ஒருவர் அலட்சியமாகக் கேட்டாராம். அராகோ பையிலிருந்து இரண்டு சாவிகளை எடுத்தார். இரண்டும் காந்தத்தை இழுக்கும், ஒன்றையொன்று இழுக்குமா என்று கேட்டார். அலட்சியம் அடங்கியது. ஆம்பியர் இன்னும் ஒரு படி போனார்: காந்தத்துக்குள்ளேயே நுண்ணிய மின்சாரச் சுழல்கள் இருக்கின்றன, அதனால்தான் அது காந்தம். எலெக்ட்ரான் என்ற பெயரே பிறக்காத காலத்தில் சொன்னது. பெரும்பாலான பொருட்களில் இந்தச் சுழல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும். இரும்பில் கூட்டணி அமையும். 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் கூட்டணி உடையும். பூமியின் நடுவில் அதைவிடப் பல மடங்கு சூடு. ஆகவே கில்பர்ட் நினைத்ததுபோல் பூமி ஒரு காந்தக் கல் உருண்டையாக இருக்க முடியாது. உருகிய இரும்பு புரள்கிறது, மின்சாரம் ஓடுகிறது, காந்தம் பிறக்கிறது. ஆன்மா மேட்டர் இத்துடன் ஓய்ந்தது.

பிறகு காரியங்கள் வேகம் பிடித்தன. செருப்புத் தைக்கக் கற்று, பட்டாளத்தில் சேர்ந்து, தானே படித்து மேலே வந்த வில்லியம் ஸ்டர்ஜன், வளைத்த இரும்புக்கு வார்னிஷ் அடித்துக் கம்பியைச் சுற்றினார். 200 கிராம் இரும்பு 4 கிலோவைத் தூக்கியது; மின்சாரத்தை நிறுத்தினால் கீழே போட்டது. அமெரிக்காவில் பள்ளி வாத்தியார் ஜோசப் ஹென்றி, வார்னிஷை இரும்புக்கு அடிப்பானேன், கம்பிக்கே பட்டு சுற்றிவிட்டால் எத்தனை அடுக்கும் சுற்றலாமே என்று யோசித்தார். 1831-ல் அவர் காந்தம் 900 கிலோவைத் தாண்டியது. அந்தப் பட்டு மனைவியின் உள்பாவாடையிலிருந்து வந்தது என்று ஒரு கதை. கல்யாணமான மறுவருஷம் அது. அம்மணி தரப்பு விளக்கம் பதிவாகவில்லை.

மின்சாரம் காந்தத்தைத் தந்தால், காந்தம் மின்சாரத்தைத் தராதா? எல்லோரும் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை வைத்து, காந்தம் முட்டையிடும் என்று காத்திருந்தார்கள். 1822-ல் ஆம்பியரின் கருவி அசையவே செய்தது. அவருக்கு அப்போது வேறு கவலை, கண்டுகொள்ளவில்லை. ஜெனீவாவில் டேனியல் கொலாடோன் 1825-ல் இன்னும் ஜாக்கிரதையாகச் செய்தார். பக்கத்தில் இருந்தால் காந்தமே கால்வனாமீட்டர் ஊசியை ஆட்டிவிடும் என்று, நீளக் கம்பி போட்டு மீட்டரை அடுத்த அறையில் வைத்தார். சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தார். எழுந்து அடுத்த அறைக்குப் போனார். ஊசி பூஜ்யத்தில் நின்றது. திரும்பி வந்து மறுபடி நுழைத்தார், மறுபடி போனார், மறுபடி பூஜ்யம். மொட்டை மாடியில் ஒருவன் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே டிவி முன்னால் ஒருவன் நின்று “இப்ப வருதுண்ணே” என்று குரல் கொடுக்கும் தொழில்நுட்பம் கொலாடோனிடம் இல்லாமல் போனது. அவர் நடந்து போன அந்த நேரத்தில் ஊசி ஆடி அடங்கியிருந்தது.

ஆட்டத்தைப் பார்த்தவர் மைக்கேல் ஃபாரடே. கொல்லன் மகன், பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானியானவர், கணக்கு சுட்டுப்போட்டாலும் வராது. 1831 ஆகஸ்ட் 29-ல் ஓர் இரும்பு வளையத்தின் இரண்டு பக்கமும் கம்பி சுற்றினார். ஒரு பக்கம் பாட்டரி, மறுபக்கம் ஊசி. பாட்டரியை இணைத்த கணத்தில் ஊசி துள்ளியது, அடங்கியது. துண்டித்த கணத்தில் எதிர்ப்பக்கம் துள்ளியது, அடங்கியது. மின்சாரம் நிம்மதியாக ஓடும்போது ஒன்றுமில்லை. காந்தம் சும்மா இருந்தால் பயனில்லை. அது மாற வேண்டும். அக்டோபர் 17-ல் காந்தத்தைச் சுருளுக்குள் செருகினார், உருவினார். ஒவ்வொரு அசைவுக்கும் ஊசி பதில் சொன்னது. 28-ல் செப்புத் தட்டைக் காந்த முனைகளுக்கு நடுவே சுழற்றி, விடாமல் மின்சாரம் எடுத்தார். மேட்டூரிலும் நெய்வேலியிலும் இன்றும் நடப்பது அதே வேலைதான். தண்ணீரோ நீராவியோ, யாரோ ஒருவர் சுழற்ற வேண்டும்.

ஃபாரடேக்குச் சமன்பாடு தெரியாது. அதனால் படம் போட்டார். காகிதத்தில் இரும்புத்தூளைத் தூவினால் வரும் வளைகோடுகளைக் காட்டி, விசை இதோ இந்த வெளியில் இருக்கிறது என்றார். கணித மேதைகள் சிரித்தார்கள். சிரிக்காத மேதைகளில் ஒருவர், பள்ளியில் லூசு என்று பட்டப்பெயர் வாங்கிய ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் மாக்ஸ்வெல். அந்தக் கோடுகளைக் கணக்காக்கினார். முடிவுகளைச் சாதாரண பாஷையிலும் எழுதினால் என்ன என்று ஃபாரடே 1857-ல் பரிதாபமாகக் கடிதம் போட்டார். 1861 கோடையில் மாக்ஸ்வெல் கிராமத்து வீட்டில் உட்கார்ந்து, மின்காந்த அலை என்று ஒன்று இருந்தால் என்ன வேகத்தில் போகும் என்று சூத்திரம் கண்டார். போட வேண்டிய எண்கள் லண்டன் புத்தகத்தில். விடுமுறை முடிந்து ஊர் திரும்பிப் போட்டுப் பார்த்தால் நொடிக்கு 3,10,740 கிலோமீட்டர். ஃபீஸோ அளந்திருந்த ஒளியின் வேகம் 3,14,858. ஒளி என்பதே மின்சாரமும் காந்தமும் கைகோத்து ஓடுவதுதான். கில்பர்ட் கொடுத்த விவாகரத்து ரத்து.

மாக்ஸ்வெல் எழுதிய இருபது சமன்பாடுகளைப் பிறகு ஆலிவர் ஹெவிசைடு நான்காகச் சுருக்கினார். ஆனாலும் ஓர்ஸ்டெட்டின் பக்கவாட்டு விவகாரம் மாணவர்களைப் படுத்திக்கொண்டே இருந்தது. காந்தம் ஒரு திசை, மின்சாரம் ஒரு திசை, அசைவு மூன்றாவது திசை. லண்டனில் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் என்ற பேராசிரியர், எழுதி வைத்தால் மறந்துவிடுவார்கள், விரலை மறக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டார். ஆள்காட்டி விரல் காந்தப் புலம், நடுவிரல் மின்னோட்டம், கட்டைவிரல் அசைவு. மோட்டாருக்கு இடக்கை, ஜெனரேட்டருக்கு வலக்கை. அன்றிலிருந்து இயற்பியல் பரீட்சை ஹாலில் நுழைகிற வெளியாள் பயந்துபோவான்; அத்தனை பேரும் மணிக்கட்டை முறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருப்பார்கள். வலக்கையில் பேனா இருக்கும் சோம்பலில் ஜெனரேட்டர் கேள்விக்கும் இடக்கையையே நீட்டுகிறவர்களுக்கு மட்டும் மின்சாரம் எதிர்த்திசையில் ஓடும், இரண்டு மார்க் அதோடு சேர்ந்து ஓடிவிடும்.